ஏழாம் நம்பர் டார்கெட்

நான் ஐந்தாம் வகுப்பு. அதுவும் முழுதாக இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கடைசி வரை படித்துவிட்டு, "இவர் எந்தக் காலேஜ்?" என்று யாராவது கேட்பீர்கள். கல்லா மண்ணா என்று தமக்கே தெரியாத மலைகளுக்குள், மூன்று லாரிகள் பக்கம் பக்கமாகப் போகிற அகலத்தில் குடைந்த ஐந்து சுரங்கச் சாலைகளில் என் கை பட்டிருக்கிறது. ஐந்தும் நிற்கின்றன. உள்ளே போகிறவர்கள் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறார்கள். ஒருவரும் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்க்கத் தேவையில்லாமல் செய்தவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் டிசைன் ஆபீஸ் பெங்களூர் அடுகோடியில், ஒரு டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருக்கிறது. போன மாதம் அங்கிருந்து இரண்டு இன்ஜினியர் பெண்கள் ஜீவனஹள்ளியில் என் வீட்டைத் தேடி வந்தார்கள். ஆபீஸ் மலர் போடுகிறார்களாம், கட்டுரை வேண்டுமாம். இப்போது லேசர் மெஷின் வந்துவிட்டது. சுரங்கத்தின் சுவர் முழுவதையும் ஐந்து நிமிடத்தில் அளந்து, எங்கே எவ்வளவு முட்டு வேண்டும் என்று கம்ப்யூட்டரே யோசனை சொல்கிறதாம். வந்தவர்களில் ஒருத்தி கேட்டாள்.

"அங்கிள், எல்லாமே ஆட்டோமேட்டிக். ஆனா ரிப்போர்ட் ஃபார்ம்ல ஒரே ஒரு கட்டம் மட்டும் இன்னும் கையாலதான் எழுதணும்னு மேடம் ரூல் போட்டிருக்காங்க. 'முன் நகர்வு'ன்னு ஒரு கட்டம். ஏன்னு கேட்டா, போய் தனபாலைக் கேளுன்றாங்க."

சிரித்துவிட்டு, காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதில் வாயால் சொல்கிற அளவுக்குச் சின்னது இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்துப் பிழைகளை என் மகள் திருத்தினாள். வேறு பிழை இருந்தால் அது என்னுடையது.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா இறந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. அத்திபெலே பக்கம் கிணறு வெட்டுகிற கம்ப்ரசர் கோஷ்டியில் சேர்ந்தேன். அங்கிருந்து மலையில் மின்சாரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கம் ஒன்றில் டிரில்லர் ஆனேன். டிரில்லரில் இருந்து மேஸ்திரி, மேஸ்திரியில் இருந்து ஃபோர்மேன். பாறையைத் தட்டினால் வரும் சத்தத்தை வைத்து உள்ளே வெடிப்பு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்வேன். சொன்னது தப்பியது மூன்றே தடவை. மூன்றையும் இப்போதும் ஞாபகம் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் தங்களுடையதை ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

அந்தத் தண்ணீர்ச் சுரங்கத்தில் ஒரு பெரியவர் சூப்பரின்டெண்டென்டாக இருந்தார். அவருக்கு அடித்தல் திருத்தல் இருந்தால் ஆகாது. சுவர் எவ்வளவு உள்ளே நகர்கிறது என்று அளக்க, சுவரில் விரல் நீளக் கம்பி ஒன்றை அடித்து, அதன் தலையில் பளபளக்கும் சிறு தகடு ஒன்றை வைப்போம். அதுதான் டார்கெட். தினமும் கருவி வைத்து அதைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று தாளில் எழுதுவோம். வண்டி இடித்து டார்கெட் உடைந்தால் பக்கத்திலேயே புதிது அடிப்போம். அப்போது பழைய தாளில் அடித்து எழுதினால் பெரியவர் தாளையே முகத்தில் வீசுவார். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். புது டார்கெட் என்றால் புதுத் தாள், பூஜ்யத்திலிருந்து ஆரம்பம், அதே நம்பர். தாள் பளிச்சென்று இருக்கும். "தனபால் ஷீட்டைப் பாருங்கடா" என்று பெரியவர் மற்றவர்களுக்குக் காட்டுவார். எனக்குக் கீழே வேலை கற்ற எல்லோருக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். அது சின்னச் சுரங்கம், கருங்கல் பாறை. மொத்தமே இரண்டு மில்லிமீட்டர்தான் நகரும். அங்கே அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

டிசைன் ஆபீசுக்கு நான் வந்த கதை வேறு. ஒரு தடவை பெங்களூரிலிருந்து டிசைன் தலைமை அதிகாரி சுலோசனா மேடம் சைட்டுக்கு வந்திருந்தார். கன்னடக்காரர். ஒல்லியான உடம்பு, தடித்த கண்ணாடி. கூரையைத் தாங்கும் இரும்பு வளைவுகளுக்கு அவர் புதிதாக வரைந்த இணைப்பு ஒன்றை எல்லோரும் பாராட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பின்னால் நின்று கேட்டேன்.

"மேடம், ஸ்பேனர் எங்க நுழையும்?"

சுற்றி நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேடம் பார்க்கவில்லை. "ஒரு ஸ்பேனர் கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினார். வளைவுக்கும் பாறைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். ஸ்பேனர் நுழைந்தது, திரும்பவில்லை. இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எவ்வளவு படிச்சிருக்கீங்க?" என்றார்.

"அஞ்சு, மேடம்."

"சாக்கு. போதும். பெங்களூரு பன்னி" என்றார். 'பன்னி' என்றால் கன்னடத்தில் 'வாருங்கள்' என்று அர்த்தம். பெங்களூர்ப் பக்கத்துக்காரனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா என்ன, அடுத்த மாதமே வந்துவிட்டேன்.

மேடத்தின் வழியை இங்கே எழுதிவைக்க வேண்டும். நாம் பேசும்போது அவர் சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பார். ஒரு வார்த்தை குறுக்கே பேசமாட்டார். எண்ணைச் சொன்னால், எவ்வளவு என்று திருப்பிக் கேட்கமாட்டார். "யார் பார்த்தாங்க?" என்றுதான் முதலில் கேட்பார். கருவி பார்த்தது என்று சொன்னால் அந்த ஆள் அன்றைக்கு அவ்வளவுதான். பென்சிலை மேஜையில் வைத்துவிட்டார் என்றால் முடிவு எடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு பேசிப் பயனில்லை. டிசைன் தாள் ஒவ்வொன்றும் வெளியே போகும் முன் என் மேஜைக்கு வரும். ஆள் நின்று செய்ய முடியுமா, எந்த வரிசையில் செய்வது, மலை அதுவரை பொறுக்குமா என்று நான் சொல்ல வேண்டும். எம்.டெக். படித்தவர்கள் என் முன்னால் வரிசையில் நிற்பார்கள். அதை நான் ரசித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

இப்போது அந்தக் கஷ்டமான கேஸ். வடக்கே, பனி விழுகிற மலை. கையில் எடுத்துப் பிசைந்தால் பொடியாகும் கறுப்புப் பாறை, தண்ணீர் பட்டால் சேறு. அதற்குள் மூன்று வழிச் சாலை. வீட்டு வாசலுக்கு மேலே வைக்கிற கல்லைக் கல்யாண மண்டப வாசலுக்கு வைத்தால் நடுவில் முறியும் அல்லவா? அகலமான சுரங்கத்தின் தொல்லை அதுதான். அதனால் முழுதாக ஒரே அடியில் குடையமாட்டோம். முதலில் மேல் பாதி. குடைந்த உடனே சிமென்ட் கலவையைப் பீய்ச்சி, இரும்பு வளைவு நிறுத்தி, பாறைக்குள் நீளக் கம்பிகள் செலுத்துவோம். வளைவின் இரண்டு கால்களும் பாதி உயரத்தில் விட்டுவைத்த திட்டின் மேல் நிற்கும். பிறகு அந்தத் திட்டை எடுத்துக் காலைக் கீழே நீட்ட வேண்டும். அதுதான் ஆபத்தான நேரம். நிற்கிற ஆளின் காலடி மண்ணை எடுப்பது மாதிரி. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் எடுத்து, கால் நீட்டி, தரையிலும் வளைவாகக் கான்கிரீட் போட்டு வட்டத்தை மூடிவிட்டுத்தான் அடுத்த பக்கம் போவோம். மலை நகர்வது நின்றுவிட்டது என்று அளவு காட்டினால் மட்டுமே இரண்டு பக்கமும் சேர்த்து எடுக்கலாம்.

அந்த மலையில் அளவு அப்படித்தான் காட்டியது. மூன்று வாரமாக வரைபடத்தில் கோடுகள் படுத்துக் கிடந்தன. இடது காலில் ஏழாம் நம்பர் டார்கெட்டில் ஒன்பது மில்லிமீட்டர். எண்பதைத் தாண்டினால் வேலையை நிறுத்து என்பது எங்கள் டிசைன். ஒன்பது என்றால் ஒன்றுமே இல்லை. பனி ஆரம்பிக்கும் முன் முடிக்க வேண்டும் என்று கான்ட்ராக்டர் அவசரப்பட்டார். இரண்டு பக்கத் திட்டையும் சேர்த்து எடுக்கும் டிராயிங் தயார். என் மேஜைக்கு வந்தது. கோட்டைப் பார்த்தேன், தலையாட்டினேன். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து மறுநாள் மேடம் கையெழுத்துப் போடுவதாக ஏற்பாடு. சைட்டில் திட்டு எடுக்கும் கோஷ்டி பதினொரு பேர். அதற்கு மேஸ்திரி முருகேசன், என் மனைவியின் தம்பி. நான் வேலை சொல்லிக் கொடுத்த ஆள்.

ஆயுத பூஜை அன்று காலை வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் முருகேசன் போட்டோ அனுப்பினான். சுரங்கத்துக்குள் டிரில் மெஷினுக்கு மாலை, சந்தனம், குங்குமம், முன்னால் உடைத்த பூசணிக்காய். பக்கத்தில் இவன், கழுத்தில் ஒரு மாலையோடு. என் மனைவி, "தம்பி இளைச்சுட்டான்" என்றாள். மாமியார் வீட்டுப் பக்கம் எல்லோரும் அவன் மீசையைப் பற்றி எழுதினார்கள். நான் அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். விரலால் பெரிதாக்கினேன்.

சுவரில் 7 என்று எழுதியிருந்தது. பக்கத்தில் 6, 8 எல்லாம் புகை படிந்து மங்கிக் கிடக்க, 7 மட்டும் பளிச்சென்று புது வெள்ளை. அதைச் சுற்றிலும் புகை படியாத புதுச் சிமென்ட். அதற்குச் சற்று மேலே, பாறைக் கம்பியின் தலையில் திருகியிருக்கும் இரும்புத் தகடு தட்டையாக இருக்க வேண்டியது, சோறு போடும் கிண்ணம் மாதிரி உள்வாங்கியிருந்தது. மலை அழுத்தாமல் தகடு அப்படிக் குழியாது.

உடனே போன் போட்டேன்.

"இன்னா மாமா, பண்டிகை நாள்ல கூட உடமாட்டியா? போட்டோ நல்லாகீதா?"

"மச்சான், ஏழாம் நம்பர் எப்ப உடைஞ்சுது?"

"இதுக்குத்தான் போன் பண்ணியா? அது ரெண்டு தபா உடைஞ்சுது மாமா. பக்கெட் இடிச்சுக்கினே இருக்குது. மொதல் தபா உடைஞ்சே ஒரு மாசம் ஆச்சு."

"புதுசு அடிச்சப்போ அளவு எங்கிருந்து ஆரம்பிச்சீங்க?"

"எங்கிருந்துன்னா? பூஜ்யத்துலருந்துதான். நீதானே சொல்லிக்குடுத்தே, புது டார்கெட்டு, புதுத் தாளுன்னு. சர்வே பையன் கூட முதல்ல முழிச்சான். எங்க மாமா மெத்தட்டு இது, பெங்களூர் ஆபீஸ்லயே உக்காந்துகீறாருன்னு சொல்லித்தான் ஒத்துக்க வெச்சேன்."

கட்டிலில் உட்கார்ந்தேன்.

"பழைய தாளுங்க கீதா?"

"ஸ்டோர்ல கெடக்குது."

"போய் எடுத்துப் படி. இப்பவே."

கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டான். முதல் டார்கெட் உடையும்போது அறுபத்து நான்கு. இரண்டாவது உடையும்போது நாற்பத்தொன்று. இப்போது இருப்பது மூன்றாவது, அது ஒன்பது. நான் கூட்டுவதற்கு முன் அவனே கூட்டிவிட்டான். அவன் குரல் மாறியது.

"மாமா... நூத்திப் பதினாலு."

"நாளைக்கி நான் சொல்ற வரைக்கும் ஒருத்தனும் இடது பக்கம் போகக் கூடாது."

"மேனேஜர் உடமாட்டாரு மாமா. கையெழுத்து வர்றதுக்கு முந்தியே, காலைல எட்டு மணிக்கு மெஷினு எறங்குது."

"எட்டு மணிக்குப் பூஜை பாக்கி இருக்குன்னு சொல்லு. தேங்காய் உடை. பத்து மணி வரைக்கும் உடைச்சுக்கினே இரு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அடுகோடி ஆபீசில் உட்கார்ந்தோம். மேடம், நான்கு இன்ஜினியர்கள், நான். சுவரில் பெரிய திரையில் சைட்டிலிருந்து கான்ட்ராக்டரின் மேனேஜர். டிராயிங் மேடத்தின் முன்னால் விரித்திருந்தது. நான் எழுந்து நின்று, அதில் கையெழுத்துப் போடக் கூடாது என்றேன். போட்டோவைப் பற்றிச் சொன்னேன்.

மேனேஜர் திரையில் சிரித்தார். "மேடம், உங்க ஆபீஸ்ல இப்ப ஃபேமிலி குரூப்லதான் சர்வே நடக்குதா? மூணு வாரமா லைன் ஸ்ட்ரெயிட்டா இருக்கு. இவர் பூசணிக்காய் போட்டோவைப் பார்த்துட்டு மலை நகருதுங்கறார்."

மேடம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். "யார் பார்த்தாங்க?" என்றார்.

"டார்கெட் ரெண்டு தடவை மாறியிருக்கு மேடம். மேஸ்திரி ஸ்டோர்ல பழைய தாளைப் படிச்சுச் சொன்னான். ஒன்பது இல்ல, நூத்திப் பதினாலு. திட்டை ரெண்டு பக்கமும் எடுத்தா காலுக்குக் கீழ ஒண்ணும் இருக்காது."

ஒரு இன்ஜினியர் மெல்ல, "அப்ப அந்த கிராஃப்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். திரையில் மேனேஜரின் முகம் மாறிவிட்டது. யார் தலையில் போடலாம் என்று அவர் யோசிப்பது தெரிந்தது.

"பூஜ்யத்துலேர்ந்து ஆரம்பிச்சது மேஸ்திரியா? சர்வே பையனுக்கு அவன்தான் சொல்லியிருக்கணும். அந்த முருகேசனை இன்னிக்கே பஸ் ஏத்தி அனுப்பிடறேன் மேடம். இதோட முடிச்சுக்கலாம்."

மேடம் திரையிலிருந்து திரும்பினார். என்னைப் பார்த்து, "இந்தப் பழக்கம் எங்கேர்ந்து வந்தது தனபாலவரே?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் முருகேசனுக்கு வேலை போயிருக்கும், என் பேர் அப்படியே இருந்திருக்கும். அந்த அறையில் இருந்த எம்.டெக். எல்லோரும் என்னை 'சார்' என்று கூப்பிடுகிறவர்கள். இத்தனை வருடம் சேர்த்தது அது ஒன்றுதான்.

"என்கிட்டேர்ந்து மேடம். நான்தான் ஆரம்பிச்சேன். தாள் சுத்தமா இருக்கணும்னு. அவனுக்கு நான் சொல்லிக் கொடுத்தது. டிராயிங் என் மேஜைக்கு வந்தப்பவும் நான் தலையாட்டினேன். அவனை அனுப்பறதுன்னா முதல்ல என்னை அனுப்புங்க."

கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது. மேடம் சீவிய பென்சிலின் முனையை ஒரு தடவை பார்த்தார். டிராயிங்கில் சுரங்கத்தின் தரைக்குக் கீழே ஒரு பெரிய சிவப்பு வளைவு போட்டார். இடது காலைச் சுற்றி ஒரு வட்டம். பிறகு பென்சிலை மேஜையில் வைத்தார்.

"மேஸ்திரி அங்கேயே இருப்பான்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். என்னிடம், "நீங்க ஹோகி. போய் நேர்ல பாருங்க" என்றார்.

அன்று மாலை விமானம். என் வாழ்க்கையில் அது இரண்டாவது விமானம். மறுநாள் மதியம் சுரங்கத்துக்குள் நின்றேன். முருகேசன் டார்ச் அடித்தான். இடது காலின் கீழே இருந்த கான்கிரீட் கட்டை, தரைக்கு மேல் ஒரு சாண் தெரிய வேண்டியது, நான்கு விரல்தான் தெரிந்தது. மிச்சம் மண்ணுக்குள். விரலை வைத்துக் காட்டினேன். மேனேஜர் குனிந்து பார்த்தார். அதற்குப் பிறகு பூசணிக்காயைப் பற்றி அவர் பேசவில்லை.

"பதினோரு பேரு மாமா" என்றான் முருகேசன், மெதுவாக. "நேத்து எட்டு மணிக்கு இங்கதான் நின்னிருப்போம்."

"தெரியும். டார்ச்சை ஆட்டாம புடி."

ஏற்கெனவே வெட்டி எடுத்த மண்ணையே கொண்டுவந்து கால்களுக்கு முட்டாகக் கொட்டச் சொன்னேன். வெளியே தள்ளியதைத் திரும்ப உள்ளே கொண்டுபோவது எந்தக் கான்ட்ராக்டருக்கும் வயிற்றெரிச்சல்தான். கொட்டினார்கள். காலடியில் சாய்வாக நீளக் கம்பிகள். மேல் பாதியின் தரையில் தற்காலிகமாகச் சிமென்ட் வளைவு பீய்ச்சி வட்டத்தை மூடினோம். அதற்கப்புறம்தான் கீழே, ஒரு பக்கம் மட்டும், இரண்டு வளைவு அகலத்துக்கு எடுத்து, கால் நீட்டி, தரைக் கான்கிரீட் போட்டு, அடுத்தது. தினமும் காலையில் கருவிக்குப் பக்கத்தில் நானே நின்றேன். நூற்றுப் பதினாறு. நூற்றிருபத்தொன்று. நூற்றிருபத்து மூன்று. நூற்றிருபத்து மூன்று. மூன்றாவது நாளும் நூற்றிருபத்து மூன்று வந்தபோது முருகேசன் சர்வே பையனைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

பனிக்கு முன் முடியவில்லை. மேனேஜர் கடைசி வரை என்னை முறைத்துக்கொண்டேதான் இருந்தார். சுரங்கம் நிற்கிறது.

திரும்பி வந்த அன்று மேடம் ஃபார்மை என் முன்னால் வைத்து, அளவுக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு புதுக் கட்டம் போட்டார். "டார்கெட் மாறினா முன்னாடி நகர்ந்தது இங்க வரணும். முதல் தாளை நீங்களே எழுதுங்க" என்றார். 64, அதன் கீழே 41. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். எழுதினேன். அந்தத் தாள் அடித்தல் திருத்தலோடு இன்னும் ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது. வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

நான் ஓய்வு பெற்ற நாளில் எல்லோரும் என்னைப் பற்றிப் பேசினார்கள். ஐந்து சுரங்கம், பாறைச் சத்தம், ஸ்பேனர். நான் நன்றாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் மேடம் எழுந்து, "தனபாலவரு ஒரு தப்பு பண்ணினாரு. அதை எல்லார் முன்னாலும் தன்னோடதுன்னு சொன்னாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவ்வளவுதான். எனக்குக் கோபம். ஒப்பட்டு, அதாவது நம் போளி, போட்டிருந்தார்கள், தொடாமல் வந்துவிட்டேன். ஐந்து சுரங்கம் இருக்க, இவருக்கு வேறு எதுவுமா கிடைக்கவில்லை?

இப்போது இந்தக் கட்டுரையைத் திருப்பிப் படித்தால், நானும் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

வந்த பெண்களே, உங்கள் லேசரில் டார்கெட் கிடையாது, உடைய எதுவும் இல்லை என்பீர்கள். மெஷின் நிற்கும் முக்காலியை ஒருநாள் வண்டி தட்டும். புது இடத்தில் வைத்துப் பூஜ்யத்தை அழுத்துவீர்கள். அன்றைக்கு அந்தக் கட்டத்தைக் கையால் நிரப்புங்கள். முன் நகர்வு ஒன்றும் இல்லை என்றால் பூஜ்யமே போடுங்கள், தப்பில்லை. ஆனால் அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.